பக்கத்தில் எதை வைப்பது?

ஓவியரோ உடை வடிவமைப்பாளரோ குறும்பட இயக்குநரோ, வேலையைத் தொடங்கும் முன் படங்கள், நிறத்துண்டுகள், துணி மாதிரிகள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே பரப்பில் சேர்த்துப் பார்க்கும் பலகைதான் மூட் போர்டு. அட்டையும் குண்டூசியும் செய்த வேலையை இப்போது கான்வா, மிலாநோட் போன்ற செயலிகள் திரையில் செய்கின்றன. அவற்றைப் பழகுவது எளிது. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், ஏன் என்பதில்தான் மண்டை காயும். ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் ஆபி வார்பர்க், 1920களில் கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் மறுமலர்ச்சிக்கால ஓவியங்களின் நிழற்படங்களோடு விளம்பரங்களையும் அஞ்சல்தலைகளையும் குத்திவைத்தார். பழங்காலச் சிற்பத்தின் ஓர் உடலசைவு பல நூற்றாண்டுகள் தாண்டி எங்கே மறுபடி தலைகாட்டுகிறது என்பது, படங்கள் அடுத்தடுத்து நின்றதால்தான் கண்ணில் பட்டது. 1929இல் அவர் இறந்தபோது, ஆயிரம் படங்கள் அளவுக்கு வளர்ந்திருந்த அந்தத் தொகுப்பு முடியாமலே நின்றுபோனது.

அப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்களுக்குப் புனேயின் வானவடியில் பஞ்சமில்லை. 1794இல் அங்கே இறந்த மராட்டியத் தளபதி மகாத்ஜி ஷிண்டேயின் நினைவிடமான ஷிண்டே சத்திரியில், அவர் கட்டிய சிவன் கோயிலும், ராஜஸ்தானி பாணியோடு ஐரோப்பியப் பாணி கலந்த பிற்கால மண்டபமும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. செதுக்கிய கல்லையும் வண்ணக் கண்ணாடிச் சன்னலையும் படமெடுத்துப் பலகையில் அருகருகே வைத்தாலே ஒரு நிறத்திட்டம் துலங்கும். (உள்ளே படமெடுக்கலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்வது நல்லது, கூடாதென்றால் பென்சில் இருக்கிறது.) எடுக்கும்போது ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கட்டும். கைப்பேசிக் கேமரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானாகவே திருத்திவிடும். அந்தத் திருத்தம் சரியாக அமைந்ததா என்பதைத் தாள் காட்டிக்கொடுக்கும். செயலியின் நிறமெடுக்கும் கருவி, தொட்ட புள்ளியைச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரையிலான எண்களாகத் தரும். இதில் ஏறத்தாழ 1.67 கோடி நிறங்கள் அடங்கும். ஆனால், திரையில் ஒளிரும் கண்ணாடி நீலம் அச்சு மையில் மங்கிவிடும் என்பதால் துணிக்கோ தாளுக்கோ போகும் வேலையை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

பின்டரஸ்ட்டில் தேடினால் நிமிடத்தில் நூறு படம் வருமே, வெயிலில் ஏன் அலையவேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் அத்தகைய தளம் பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே சேமித்ததைப் போன்றதையே மேலும் மேலும் தரும். அதே சொல்லைத் தேடும் இன்னொருவர் பலகையும் உங்களுடையதைப் போலவே அமைந்துவிடும். தேடல் வேண்டாம் என்பதல்ல. தேடலில் வந்த படத்துக்கு ஒவ்வாத ஒன்றைப் பக்கத்தில் வைக்கும் வேலை நம்முடையது. பிறர் படங்களைச் சேர்ப்பது களவில்லையா என்றும் கேட்பார்கள். பார்த்துப் பழகுவதற்குச் சேர்ப்பது வேறு, அதே கோட்டைத் தன் படைப்பில் இறக்குவது வேறு. படைத்தவர் பெயரைப் படத்தின் கீழேயே குறித்துவைத்தால் இந்த எல்லை மறக்காது. அதே இடத்தில், அந்தப் படம் பலகைக்கு ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.