திட எரிபொருள் ராக்கெட்டுகள் நிலவுவரை செல்லுமா?

சிறிய செயற்கைக்கோள்களை ஏவுவதற்கென்றே எஸ்.எஸ்.எல்.வி எனும் ராக்கெட்டை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ உருவாக்கியுள்ளது. இதற்கான புதிய ஏவுதளத்துக்குத் தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது.

எஸ்.எஸ்.எல்.வியின் மூன்று முதன்மை அடுக்குகளும் திட எரிபொருளால் இயங்குபவை. சுமார் 500 கிலோ எடையை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுசெல்லும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. இத்தகைய ராக்கெட்டுகளால் அதற்கும் அப்பால், நிலவுவரை விண்கலங்களை அனுப்ப முடியுமா?

தனி ராக்கெட் எதற்கு?

சிறிய விண்கலங்கள் பெரும்பாலும் பெரிய விண்கலங்களின் துணைப் பயணிகளாகவே செல்கின்றன. கிரின்ஸ்டெட் போன்ற நகரங்களில் இலங்கைத் தமிழர்கள் குடியேறியுள்ள டென்மார்க்கின் முதல் செயற்கைக்கோளான ஓர்ஸ்டெட், 1999 பிப்ரவரியில் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றுடன் சேர்ந்தே விண்ணுக்குச் சென்றது. இவ்வாறு செல்லும்போது, புறப்படும் நாளையும் பாதையையும் பெரிய விண்கலமே தீர்மானிக்கிறது.

இந்தத் தடையை நீக்கத் திட எரிபொருள் உதவுகிறது. அலுமினியத் தூளும், எரிவதற்கான ஆக்சிஜனைத் தரும் அம்மோனியம் பெர்குளோரேட்டும் ரப்பர் போன்ற பசையில் கலக்கப்பட்டு, உறைக்குள் வார்த்து இறுக்கப்படுகின்றன. சிக்கலான பம்புகளோ குழாய்களோ தேவையில்லை. நிரப்பிய நிலையிலேயே சேமித்துவைத்து, குறுகிய காலத்தில் ஏவலாம். இந்தியாவின் முதல் ஏவுகலமும், 1980 ஜூலை 18ஆம் தேதி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் செலுத்தியதுமான எஸ்.எல்.வி-3 முழுவதும் திட எரிபொருளால் இயங்கியதே.

தடையாக இருப்பது எது?

பற்றவைத்த திட எரிபொருளை விரும்பிய நேரத்தில் அணைத்து மீண்டும் எரியச் செய்வது நடைமுறையில் இயலாது. ஆகவே இறுதி வேகத்தில் சிறு பிழை நேரக்கூடும்.

தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு வினாடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் வேகம் போதும். நிலவை எட்டுவதற்கோ ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகம் தேவை. அந்த வேகத்தில் வினாடிக்கு ஒரு மீட்டர் மட்டுமே பிழை நேர்ந்தாலும், பாதையின் தொலைதூர முனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகிவிடும்.

இதனால்தான் எஸ்.எஸ்.எல்.வியின் உச்சியில் வேகத்தைத் திருத்த ஒரு சிறிய திரவ எரிபொருள் பகுதி பொருத்தப்பட்டுள்ளது. 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி நடந்த முதல் பயணத்தில், இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வால் உணர்கருவிகள் பழுதடைந்துவிட்டதாகக் கணினி தவறாக முடிவுசெய்தது. திருத்தும் பகுதி இயங்கவில்லை. 356 கிலோமீட்டர் உயர வட்டப்பாதைக்குப் பதிலாக, 76 கிலோமீட்டர்வரை தாழும் நீள்வட்டப் பாதையில் விடப்பட்ட செயற்கைக்கோள்கள் பயனற்றுப்போயின. 2023, 2024 ஆண்டுகளில் நடந்த பயணங்கள் வெற்றிபெற்றன.

நிலவுக்குச் சென்ற ராக்கெட்

முற்றிலும் திட எரிபொருளால் நிலவுப் பயணம் சாத்தியம் என்பதை 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் மினோடார்-5 ராக்கெட் மெய்ப்பித்தது. அதன் ஐந்து அடுக்குகளில் முதல் மூன்றும், சேவையிலிருந்து நீக்கப்பட்ட பீஸ்கீப்பர் அணு ஏவுகணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அது 383 கிலோ எடையுள்ள லாடி விண்கலத்தை நீண்ட நீள்வட்டப் பாதையில் விட்டது. அங்கிருந்து விண்கலம் தன் சொந்த இயந்திரத்தால் பாதையைத் திருத்திக்கொண்டு, அக்டோபர் 6ஆம் தேதி நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது.

அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி இஸ்ரோவின் மங்கள்யானும் இதே உத்தியைக் கையாண்டது. திட, திரவ அடுக்குகள் மாறிமாறி அமைந்த பி.எஸ்.எல்.வி அதனைப் புவியின் சுற்றுப்பாதையில் மட்டுமே விட்டது. செவ்வாய்க்குச் செல்லும் மீதி வேகத்தை விண்கலமே பெற்றுக்கொண்டது.

ஆக, திட எரிபொருள் வலிமையைத் தரும்; துல்லியத்தை விண்கலம் தானே சுமந்துசெல்ல வேண்டும். சிறிய விண்கலத்தில் அந்த எரிபொருளின் எடை, அறிவியல் கருவிகளுக்கான இடத்தைக் குறைக்கிறது.

குலசேகரப்பட்டினத்தின் பயன் வேறு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட்டுகள் இலங்கைக்கு மேலே பறப்பதைத் தவிர்க்க வளைந்து செல்கின்றன. இதில் எரிபொருள் வீணாகிறது. புதிய தளத்திலிருந்து நேராகத் தெற்கே செல்லலாம். ஆனால் கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, புவியின் சுழற்சி வேகத்தையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய நிலவுப் பயணங்களுக்கு ஸ்ரீஹரிகோட்டாவே ஏற்ற இடமாக இருக்கும்.