மண்வெட்டியைப் பார்த்ததும் மாறிய பாட்டு

எங்கள் ஊரான வீரபாண்டியில் ஓர் இழவு வீடு. ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற பழைய அடிகள்தான். திண்ணையோரம் இறந்தவரின் மண்வெட்டி சாத்தியிருந்தது. அதில் ஒட்டிய வயல் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அவருடைய அக்கா அதைப் பார்த்தார். பாட்டு அங்கேயே திரும்பியது. முல்லையாற்றுத் தண்ணிக்கு இனி மடை திறக்கப் போவது யார், தம்பி கை பட்டு வழவழத்த இந்தக் காம்பைப் பிடிப்பது யார் என்று தானே கட்டிப் பாடினார். அதுவரை கல் மாதிரி நின்ற மகன் அப்போதுதான் வாய்விட்டு அழுதான்.

சொந்தப் பாட்டு எது என்று யார் கேட்டாலும் நான் அந்த மண்வெட்டியைத்தான் சொல்வேன்.

எங்கள் ஊர் வழியாகப் போகும் கம்பம் சாலையில் இன்னும் தெற்கே போனால், கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்ப். இளையராஜாவின் தாயார் சின்னத்தாயும் மனைவி ஜீவாவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் தோட்டம் அங்கே இருக்கிறது. 2024 ஜனவரியில், புற்றுநோயால் இறந்த மகள் பவதாரிணியையும் அங்கேதான் கொண்டுவந்தார்கள். அடக்கம் செய்யும்போது சொந்தபந்தங்கள் பாடியது ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’. ‘பாரதி’ படத்துக்காக அப்பா இசையமைத்து, பெரியகுளத்துக்காரரான மு.மேத்தா எழுதி, பவதாரிணிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. அது சாவுக்கு எழுதிய பாட்டு இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் வேறெந்தச் சோகப் பாட்டும் அந்த இடத்துக்குப் பொருந்தியிருக்காது. ஏனென்றால் அது அந்தப் பெண்ணின் பாட்டு.

பாட்டு எழுதுகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வருவதுண்டு. செல்போனிலேயே மெட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நல்ல காது இருக்கிறது. ஆனால் வரிகளில் இருப்பது சினிமாக் காதலனின் தோல்வி. எழுதியவனின் வீடு இல்லை, தெரு இல்லை, அவனுடைய பயம் இல்லை. ‘மனசு சரியில்லைன்னாத்தான் பாட்டு வருது’ என்று ஒரு பையன் சொன்னான். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுத்துப் பாட்டை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். எனக்கு அடிவயிறு கலங்கியது. தம்பி, பாட்டு வருவது உன் நோயிலிருந்து இல்லை, உன்னிடமிருந்து. நீ தேறி வந்தால் அதுவும் உன்னோடு வரும்.

இரண்டு கண்ணும் போன பாண்டிய மன்னன் கௌமாரியம்மனிடமும் கண்ணீஸ்வரமுடையாரிடமும் வேண்டிப் பார்வை பெற்ற ஊர் இது என்பது தலபுராணம். கண் நோய், அம்மை என்று வாய்விட்டுச் சொல்லித்தான் சித்திரைத் திருவிழாவில் ஆயிரங்கண் பானையும் அக்கினிச்சட்டியும் எடுக்கிறோம். மனசுக்கு வந்த நோயை மட்டும் ‘காத்துக் கருப்பு’ என்று கதவைச் சாத்திக்கொண்டு மறைக்கிறோம். ஆண்பிள்ளைகளுக்கு ஒப்பாரியும் இல்லை. அழக்கூடாது என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். அவர்களுக்குப் பாட்டாவது இருக்கட்டும். அதில் கடன், தோற்ற பரீட்சை, அப்பாவின் குடி எல்லாம் உள்ளபடியே வரட்டும். யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் பாட்டு வைத்தியம் ஆகாது. அந்த அக்கா பாடியபோது சுற்றிலும் பத்துத் தோள்கள் இருந்தன. ராத்திரி தனி அறையில் எழுதுகிற பிள்ளைக்கு அப்படி ஒரு தோளும் இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தாலோ நோட்டை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.