தண்ணீருக்கும் கணக்கு உண்டு

வீட்டில் வரவு செலவு பார்க்கிறோம். வரவுக்கு மேல் செலவு செய்தால் கடன்தான். தண்ணீரும் அப்படித்தான். மழை வரவு. நாம் இறைப்பது செலவு.

மகாராஷ்டிர மாநிலத்தில் ஹிவரே பஜார் என்று ஒரு கிராமம். அங்கு மழை குறைவு. முன்பு கிணறுகள் வற்றின. பயிர் காய்ந்தது. பலர் பிழைப்புத் தேடி மும்பைக்கும் புனேவுக்கும் போனார்கள்.

1989-ஆம் ஆண்டு போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவர் ஆனார். ஊர் மக்கள் ஒன்று கூடினார்கள். மலைச் சரிவில் வரிசையாகக் குழி வெட்டினார்கள். மரம் நட்டார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கியது. கிணறுகளில் நீர் ஊறியது.

ஊறினால் மட்டும் போதுமா? ஆளுக்கு ஆள் இறைத்தால் மறுபடியும் வற்றிவிடுமே! கிணறு அவரவருடையது. ஆனால் அடியில் இருக்கும் நீர் எல்லோருக்கும் பொது.

அதனால் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். மழைமானி வைத்து மழையை அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், ஒரு ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் விழும். அதில் கொஞ்சம் ஆவியாகும். கொஞ்சம் ஓடிவிடும். மீதிதான் நிலத்தில் தங்கும். கிணற்று நீர்மட்டத்தையும் அளக்கிறார்கள்.

பிறகு கிராம சபை கூடுகிறது. முதலில் மக்களுக்கும் மாடுகளுக்கும் குடிநீர். மிச்சம் எவ்வளவோ, அதற்கு ஏற்ற பயிர். மழை குறைந்தால் தண்ணீர் அதிகம் கேட்கும் பயிர் கிடையாது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்றும் முடிவு செய்தார்கள்.

ஊரைவிட்டுப் போன பல குடும்பங்கள் திரும்பி வந்தன.

உங்கள் ஊரில் தண்ணீர் வரவு எவ்வளவு? செலவு எவ்வளவு? அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.