புரதத்தின் வடிவத்தை மொபைலிலேயே பார்க்கலாம்... ஆனா ஆரஞ்சு நிறம் தெரிஞ்சா உஷார்!

ஒரே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகங்களில் ஆண்டுக்கணக்கில் போராடிய காலம் உண்டு. புரதத்தைப் படிகமாக்கணும், எக்ஸ்ரே பாய்ச்சணும், கணக்குப் போடணும். இன்னைக்கு ஒரு வெப் ஆப்பைத் திறந்து, பெட்டிக்குள் எழுத்துகளை ஒட்டினால் போதும். சில நிமிடங்களில் 3டி படம் வந்துவிடுகிறது. எப்படி? அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

எழுத்து எப்படி உருவமாகிறது?

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. இந்தச் சங்கிலி எப்படி மடிகிறது என்பதைப் பொறுத்துதான் அதன் வேலை.

அந்த மடிப்பைக் கணிப்பதில் 2020-ல் பெரிய திருப்பத்தைக் கொடுத்தது டீப்மைண்டின் ஆல்ஃபாஃபோல்டு 2. இதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024 வேதியியல் நோபல் கிடைத்தது. புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு அந்தப் பரிசில் பாதி.

ஆப்புக்குள்ள என்ன நடக்குது?

நம்ம மொபைல் எதையும் கணிப்பதில்லை. நாம் ஒட்டும் எழுத்துகள் சர்வருக்குப் போகும். ஆல்ஃபாஃபோல்டு முதலில் அதே மாதிரியான புரதங்களை மற்ற உயிரினங்களில் தேடும். பரிணாமத்தில் சேர்ந்தே மாறிய இரண்டு இடங்கள், மடிந்த பிறகு பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அதுதான் துப்பு. மெட்டாவின் இஎஸ்எம்ஃபோல்டு இந்தத் தேடலையே தவிர்த்ததால் வேகம் அதிகம். ஆனால் துல்லியம் கொஞ்சம் குறையும்.

ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் பதிலாக வரும். அதைப் படமாக வரைவது மட்டுமே பிரவுசரின் வேலை.

இப்படி ஓர் ஆப் செய்ய நினைக்கும் மாணவர்கள் கவனிக்க: எல்லாவற்றையும் புதிதாகக் கணிக்கத் தேவையில்லை. 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் ஐரோப்பிய உயிர்தகவலியல் நிலையத்தின் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. முதல்ல அங்க தேடுங்க, இல்லைன்னா மட்டும் கணிக்கலாம். சர்வர் செலவு மிச்சம்.

நிறம்தான் முக்கியம்

படம் அழகாக இருப்பதுதான் இங்கே ஆபத்து. ஒவ்வொரு பகுதிக்கும் 100-க்கு ஒரு நம்பிக்கை மதிப்பெண் உண்டு. 90-க்கு மேல் அடர்நீலம், 70 முதல் 90 வரை இளநீலம், 50 முதல் 70 வரை மஞ்சள், அதற்கும் கீழே ஆரஞ்சு. ஆரஞ்சில் நீளும் நூல் போன்ற பகுதியை வடிவம்னு எடுத்துக்கவே கூடாது. பல நேரம் அந்த இடத்துக்கு நிலையான வடிவமே இருக்காது.

இது அபூர்வமும் இல்லை. 2021-ல் மனிதப் புரதங்களைக் கணித்தபோது 70-ஐத் தாண்டியது 58 சதவீத இடங்கள்தான். இந்த நிறங்களை எடுத்துவிட்டு ஒரே கலரில் 'பளபள'ன்னு காட்டும் ஆப், பார்ப்பவரை ஏமாற்றுகிறது என்றே சொல்லணும்.

நோயைக் கண்டுபிடிச்சிடுமா?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். நீலகிரி பழங்குடி மக்களிடமும் காணப்படும் நோய் இது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-வது இடத்தில் குளூடாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வருகிறது. ஒரே ஓர் எழுத்து மாற்றம்! அதனால் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள, ரத்த அணு அரிவாள் மாதிரி வளைகிறது.

ஆனால் தனிச் சங்கிலியின் வடிவம் பெரிதாக மாறுவதில்லை. இரண்டையும் ஆப்பில் போட்டால் ஏறக்குறைய ஒரே படம்தான் எதிர்பார்க்கலாம். "படம் ஒண்ணா இருக்கு, அப்ப பிரச்சினை இல்லை" என்று ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

கணிப்பு சரியானு எப்படிப் பார்ப்பது?

இதில் சென்னைக்கும் பங்கு இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு 1963-ல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று காட்டியது. புரத வடிவங்களைச் சோதிக்க 'ராமச்சந்திரன் பிளாட்' இன்றும் பயன்படுகிறது.

நீங்களே பார்க்கணுமா? ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் ஹீமோகுளோபின் என்று ஆங்கிலத்தில் தேடி, மனிதப் புரதத்தைத் தேர்ந்தெடுங்கள். விரலால் சுழற்றலாம், பெரிதாக்கலாம். லாகின்கூடத் தேவையில்லை.