நெஞ்சுக்குள் கட்டி என்றாலே கேன்சரா? டாக்டர்களையே குழப்பும் கேஸில்மேன் நோய்!

வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் 'நெஞ்சின் நடுவே கட்டி' என்று ரிப்போர்ட் வந்தால், யாருக்கும் முதலில் வரும் பயம் கேன்சர்தான். ஆனால் எல்லா கட்டியும் கேன்சர் இல்லை. பார்க்க அப்படியே இருந்து, ஆபரேஷனில் எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துபோகும் கட்டிகளும் உண்டு. அதில் அரிதான ஒன்று கேஸில்மேன் நோய்.

அது என்ன நோய்?

கழுத்தில், அக்குளில் 'நெறி கட்டியிருக்கு' என்பார்களே, அந்த நிணநீர் முடிச்சு அளவுக்கு மீறி வளர்வதுதான் இது. ஒரே இடத்தில் மட்டும் வரும் வகை, நெஞ்சின் நடுப்பகுதியில் அதிகம் காணப்படுகிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நோயியல் நிபுணர் பெஞ்சமின் கேஸில்மேன் 1954-ல் இதை விவரித்தார். 1956-ல் அவரது குழு 13 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டது. நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வரும் கட்டியைப் போலவே இது இருக்கிறது என்பதை, அந்தக் கட்டுரையின் தலைப்பே சொன்னது.

ஸ்கேனில் தெரியாதா?

கட்டி தெரியும், என்ன கட்டி என்று உறுதியாகத் தெரியாது. தைமஸ் கட்டி, லிம்போமா எனும் நிணநீர் புற்றுநோய், காசநோய் நெறி எல்லாமே இதே பகுதியில் வரக்கூடியவை. பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால் கேன்சர்தான் என்றும் சொல்ல முடியாது. காசநோயும் ஒளிரும், இதுவும் ஒளிரும்.

ஊசி பயாப்சி போதாதா?

ஊசியில் கிடைப்பது சிறு துணுக்குதான். இந்த நோயை உறுதி செய்ய, முடிச்சுக்குள் செல்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று முழுசாகப் பார்க்கணும். அதனால் பல நேரம் முடிச்சையே வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் விடை கிடைக்கிறது. ஒரே இடத்தில் இருந்தால் அந்த ஆபரேஷனே சிகிச்சையும் ஆகிவிடும். ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டி என்பதால், ரத்தப்போக்கைச் சமாளிக்க டாக்டர்கள் முன்கூட்டியே தயாராவார்கள்.

அப்போ பயமே இல்லையா?

அப்படியும் இல்லை. உடம்பில் பல இடங்களில் வரும் இன்னொரு வகை ஆபத்தானது. காய்ச்சல், எடை குறைவு, ரத்த சோகை வரும், உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படலாம். அதற்கு மருந்து சிகிச்சை தேவை.

என்ன கேட்க வேண்டும்?

'கேன்சர் செல் சிக்கவில்லை' என்பது வேறு, 'கேன்சர் இல்லை' என்பது வேறு. பயாப்சி முடிவு தெளிவாக இல்லாவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீங்க. "இது என்ன கட்டின்னு உறுதியாயிடுச்சா? இல்லைன்னா அடுத்து என்ன டெஸ்ட்?" என்று டாக்டரிடம் கேளுங்க.