நேரடி நெல் விதைப்பு: மிச்சமும் எச்சரிக்கையும்

நாற்றங்கால், சேற்றுழவு, நடவு ஆகிய மூன்றும் நெல் சாகுபடியில் நீரையும் கூலியையும் மிகுதியாகக் கோருபவை. இவற்றைத் தவிர்த்து விதையை நேரே வயலில் இடுவதே நேரடி விதைப்பு. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வெளிமாநில நடவுத் தொழிலாளர்கள் வர இயலாமற்போகவே, பஞ்சாப் விவசாயிகள் பலர் இம்முறைக்கு மாறினர். 2022-இல் அம்மாநில அரசு ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. ஆயினும், பலர் நடவுக்கே திரும்பினர். அதன் காரணத்தை அறிவது, கடன் பெற்றுப் பயிரிடும் அனைவருக்கும் பயன் தரும்.

நாற்றைப் பிடுங்கி நடுகையில் வேர் அறுபட்டுப் பயிர் சில நாள் தேங்கி நிற்கிறது. நேரடி விதைப்பில் இத்தேக்கம் இல்லை. தூர்கள் முன்னதாகக் கிளைக்கின்றன. அறுவடையும் ஏறத்தாழ ஒரு வாரம் முந்துகிறது. ஆனால் பயிர் அளவுக்கு மீறி நெருங்கினால், கதிர்கள் பெருகினும் கதிர் ஒன்றிலுள்ள மணிகள் குறையும். எனவே பஞ்சாபில் ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ விதையே பரிந்துரைக்கப்படுகிறது.

விதைக்கும் முறையும் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. கையால் தூவிய விதை சீராக முளைப்பதில்லை. வேர் மேலோடுவதால் பயிர் எளிதில் சாய்கிறது. கருவி கொண்டு வரிசையாக, ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் விதைத்தால் வேர் நன்கு ஊன்றும். முன்னரே நீர் பாய்ச்சி, ஈரப்பதம் உள்ள மண்ணில் விதைத்து, முதல் பாசனத்தை 21 நாள்கள் வரை தள்ளிவைக்கும் முறையை லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இதனால் வேர் ஆழமாக இறங்குகிறது, களையும் குறைகிறது.

பலரைப் பின்வாங்கச் செய்தது களையே. நடவு வயலில் தேங்கும் நீர் களையை அடக்குகிறது. இங்கோ நெல்லும் களையும் ஒருங்கே முளைக்கின்றன. முதல் மாதத்தில் களையைக் கட்டுப்படுத்தினால் நடவுக்கு நிகரான விளைச்சலை எதிர்பார்க்கலாம். தவறினால் பெருமளவு இழக்க நேரிடும். மணற்பாங்கான நிலத்தில் இரும்புச்சத்துக் குறைந்து இளம்பயிர் மஞ்சளாவதும் உண்டு. அத்தகைய நிலத்தைத் தவிர்ப்பதே நன்று.

வங்கியாளர் என்ற முறையில் நாங்கள் கூற விழைவது இதுவே: நடவுக் கூலியில் மிஞ்சும் தொகையை முழுவதும் இலாபமாகக் கருத வேண்டாம். அதில் ஒரு பகுதியைக் களைக்கொல்லிக்கும் கைக்களைக்கும் ஒதுக்குங்கள். கிசான் கடன் அட்டையிலும் அதற்குரிய தொகையை முன்கூட்டியே எடுத்துவிடாமல், முதல் மாதத் தேவைக்கென நிறுத்தி வையுங்கள். முதலாண்டில் நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும் முயன்று, விளைச்சலை ஒப்பிட்டபின் விரிவாக்குவதே விவேகம்.