முடிவில்லாச் சோடிகளைப் பைத்தானில் வரிசைப்படுத்துதல்

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் கார்டீசியன் பெருக்கல் நடத்துகிறோம். ஒரு கணத்தில் 3 உறுப்புகள், மற்றதில் 2 என்றால் 6 வரிசைச் சோடிகள். மேல்நிலை வகுப்பில் இதையே பைத்தானில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு 'ஃபார்' மடக்குகள் எழுதி எடுத்துவிடலாம்.

1 முதல் 1000 வரையுள்ள எண்களை ஒன்றோடொன்று சோடி சேர்த்தால் 10 லட்சம் சோடிகள். சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் பைத்தான் அத்தனையையும் முதலிலேயே உருவாக்கி நினைவகத்தில் அடுக்கிவிடும். அதே வரியைச் சாதாரண அடைப்புக்குறிக்குள் எழுதினால் 'நெக்ஸ்ட்' என்று கேட்கும்போது மட்டும் ஒன்றைத் தரும். என் மாணவர்களிடம் இதைத் தோசைக்கல் என்பேன்: கேட்ட பிறகுதான் ஊற்றுவார்கள்! ஹாஸ்கெல் மொழியில் எல்லாமே இயல்பாக இப்படித்தான் நடக்கிறது. 'லேசி' என்று பெயர், உண்மையில் சிக்கனம்.

கேட்டால்தான் தரும் என்றால் இயல் எண்கள் முழுவதையுமே கொடுத்துப் பார்க்கலாமே? (1,1), (1,2), (1,3) என்று சோடிகள் வந்துகொண்டே இருக்கும். இங்கே நிறுத்தி, "(2,1) எப்போது வரும்?" என்று கேளுங்கள். வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். வராது. உள் மடக்கு முடிந்தால்தானே வெளி மடக்கு 2-க்கு நகரும்!

வழி, 19ஆம் நூற்றாண்டில் கேண்டர் காட்டியது. சோடிகளைக் கூட்டுத்தொகைப்படி எடுக்க வேண்டும். கூட்டுத்தொகை 2 என்றால் (1,1). 3 என்றால் (1,2), (2,1). 4 என்றால் (1,3), (2,2), (3,1). நிரலில் வெளி மடக்கு கூட்டுத்தொகையை 2, 3, 4 என முடிவின்றி வளர்க்கும். உள் மடக்கு முதல் எண்ணை 1-இலிருந்து கூட்டுத்தொகைக்கு ஒன்று குறைவான எண் வரை கொண்டுபோகும். கழித்தால் இரண்டாம் எண். 'ரிட்டர்ன்' இருக்கும் இடத்தில் 'யீல்டு' எழுதினால், ஒரு சோடியைத் தந்துவிட்டு நிரல் அங்கேயே காத்திருக்கும். உள் மடக்கு ஒவ்வொரு முறையும் முடிந்துவிடுவதால் எந்தச் சோடியும் விடுபடாது.

(3,4) எத்தனையாவது? கூட்டுத்தொகை 7. அதற்கு முன் 1+2+3+4+5=15 சோடிகள். கூட்டுத்தொகை 7-இல் இது மூன்றாவது. ஆகவே 18ஆவது. கணினி ஆய்வகம் கிடைக்காத நாளிலும் கரும்பலகையில் இதைச் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை: பைத்தானின் 'இட்டர்டூல்ஸ்' தொகுப்பிலுள்ள 'புராடக்ட்' இதற்கு உதவாது. உள்ளீடு முழுவதையும் வாங்கிய பிறகே அது வேலையைத் தொடங்கும். முடிவில்லாத தொடரைக் கொடுத்தால் முதல் சோடிகூட வராது. 'ஜிப்' தயங்காமல் தரும், ஆனால் (1,1), (2,2), (3,3) மட்டுமே.